நுவரெலியாவில் ஒரு நடைச்சுற்று: பாதிக் கதைக்கு முழுக் கட்டணம்

நுவரெலியா நகரம் உருவான வரலாற்றை நடந்தபடியே சொல்லும் தனியார் சுற்று ஒன்றில் குடும்பத்தோடு கலந்துகொண்டோம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் தமிழ் பேசும் வழிகாட்டியே வந்தார். மனப்பாடம் ஒப்பிக்காமல், கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார்.

1820களில் பிரித்தானிய தேசாதிபதி (ஆளுநர்) எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகையிலிருந்து, அதாவது இன்றைய கிராண்ட் ஹோட்டலிலிருந்து, சுற்று தொடங்குகிறது. நோயுற்ற படைவீரர்கள் உடல் தேறுவதற்காக அக்காலத்தில் அமைந்த நிலையத்தைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள்தான். ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் வந்ததும் கதை சூடு பிடிக்கிறது. காய்ச்சலில் மெலிந்து இங்கே வந்து உடல் தேறிய அவர், இதை ஓர் ஆங்கிலேயக் கிராமமாக்கிவிடலாம் என்று நம்பி, 1848இல் கொல்லர் முதலான குடியேறிகளையும் உயர்சாதிக் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கப்பலில் வரவழைத்ததையும், எருவில்லாமல் விளையாத மண்ணோடு அவர் பட்ட பாட்டையும், 1855இல் ஊரை விட்டே போனதையும் வழிகாட்டி சொன்ன விதம் அருமை. சிறுவர்கள்கூட வாய் திறக்காமல் கேட்டனர்.

ஆனால் பேக்கர் போன பின்புதான் ஊர் உண்மையில் வளர்ந்தது; அந்தப் பகுதியில்தான் சுற்று நொண்டுகிறது. தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோர் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடு வெட்டாமல் இந்த நகரத்துக்குக் கடைவீதி ஏது, 1885இல் நானுஓயாவை எட்டிய ரயிலுக்குச் சரக்கு ஏது? அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் சாலையைக் கடக்கும்போது. நானுஓயாவிலிருந்து நகரத்தின் ஊடாக ராகலை வரை ஓடி, பின்னர் மூடப்பட்ட ஒடுங்கிய ரயில் பாதையைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகே வழிகாட்டி வாய் திறந்தார். தெரியாதவர் அல்லர், நிறுவனம் தந்த வரிசையில் அது இல்லையாம்.

தேசாதிபதி கிரெகரி 1873இல் சதுப்பு நிலத்து ஓடையை மறித்து உருவாக்கிய வாவியோடு சுற்று முடிகிறது. படகுக்கட்டணம் தனி என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். கட்டணம் சற்று அதிகம். பேக்கர் கதைக்காகப் போகலாம், ஆனால் தோட்டத்து மக்களின் வரலாற்றையும் சேர்க்கும்படி பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்வதால் காலை நேரமே உகந்தது.