வெள்ளவத்தை புக் கிளப்பில ‘ரீஃப்’ நாவல்: கட்டாயம் போய்ப் பாருங்கோ

வெள்ளவத்தையில மாசத்துக்கு ஒருக்கா ஞாயிறு பின்னேரம் கூடுற ஒரு சின்ன தமிழ் புக் கிளப் இருக்கு. மெம்பர்ஷிப் காசெண்டு ஒண்டும் இல்ல, ரீக்கும் வடைக்கும் மட்டும் ஆளாளுக்குக் கொஞ்சம் போடவேணும். இந்த முறை எடுத்தது ரொமேஷ் குணசேகரவின்ட ‘ரீஃப்’, 1994ல வந்து புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரைக்கும் போன நாவல். புத்தகம் இங்கிலீஷ், ஆனா கதைக்கிறது முழுக்கத் தமிழ்ல, எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

கதை தெரியாத ஆக்களுக்கு: 1962ல ட்ரைட்டன் எண்ட 11 வயசுப் பொடியன கொழும்பில சல்காடோ எண்ட கடல் ஆராய்ச்சியாளர் வீட்டில வேலைக்கு விடுறாங்கள். அவன் கூட்டித் துடைக்கிறதில தொடங்கி, கடைசியா குசினியையே தன்ர கையில எடுத்து, ஐயா என்ன வாசிக்கிறார் எப்பிடிக் கதைக்கிறார் எண்டு பாத்துப் பாத்தே வளருறான். ஐயாவுக்கு அழிஞ்சுகொண்டு போற பவளப்பாறைதான் முழு யோசினையும்.

நடத்துற அக்கா பெரிய விளக்கம் ஒண்டும் குடுக்கயில்ல. சல்காடோ விரும்புற நிலி மிஸ் ரீக்கு வாற நாள் ட்ரைட்டன் லவ் கேக் செய்யிற பக்கத்த வாசிச்சுக் காட்டிப்போட்டு, சல்காடோ இவனுக்கு குருவா முதலாளியா எண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா, அவ்வளவுதான், சபை ரெண்டாப் பிரிஞ்சிட்டுது. நீ பள்ளிக்கூடம் போகவேணும் எண்டு சல்காடோ சொல்லேக்க, வேணாம் சேர், உங்களப் பாத்தே பழகிடுவன் எண்டு பொடியன் சொல்ற இடம் ஒண்டு வரும், அதில சண்டை நல்லாவே பிடிச்சுது. சின்ன வயசில ஹட்டன் பக்கமிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்கு வந்த அண்ணா ஒருத்தர் எழும்பி, “ஐயா நல்லவருதான், ஆனா 11 வயசு புள்ள ஸ்கூல் வேணாம்னா, சரின்னு விட்டுறதா?” எண்டு கேட்டார். ஒருத்தருக்கும் உடன வாய் வரயில்ல. பிறகு ஒரு ரிட்டயர்ட் ரீச்சர், “அவன் வேற ஒருத்தரிட்டயும் இவ்வளவு கவனமாப் படிச்சிருக்க மாட்டான் தம்பி” எண்டா. எனக்கு அண்ணா சொன்னதுதான் சரியாப்பட்டுது. அவன் படிச்சது உண்மை, ஆனா அத ஐயா படிப்பிச்சார் எண்டு சொல்ல ஏலாது, பாத்துப் பழகிறதுக்கு ஒரு வீடு குடுத்தார், அதுக்கு மேல இல்ல. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற தூரத்தத்தான் அந்த நாவல் காட்டுது எண்டு நினைக்கிறன், தனிய வாசிச்சா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது.

குறை எண்டா, ரெண்டு மணித்தியாலம் காணாது, சல்காடோவும் ட்ரைட்டனும் லண்டனுக்குப் போன பிறகு வாற பகுதிய ஓட்டமாத்தான் முடிச்சினம். காலி வீதிப் பஸ் ஹோர்னில பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குப் பாதி கேக்காது, ஒரு மைக் கட்டாயம் வேணும். முக்கியமா, இங்கிலீஷ் வாசிக்கக் கஷ்டப்படுற ஆக்களுக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தமிழ்ல சுருக்கம் எழுதி முன்கூட்டியே வட்சப்பில போடவேணும், கதைச்சு முடிய அக்காவிட்ட சொன்னனான், செய்யிறம் எண்டவா.

போறதெண்டா முன்னுக்கு இடம் பிடியுங்கோ, புத்தகத்தையும் முழுக்க முடிச்சிட்டுப் போங்கோ, 83 கலவரத்துக்குப் பிறகு சல்காடோ எடுக்கிற முடிவ அங்க ஒளிக்காமக் கதைப்பினம்.