வான்கோழி வேட்டைக்கு ஈயத் தோட்டாவா, டங்ஸ்டனா? பல சீசன் அனுபவம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைக்காடுகளில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் பல வருடங்களாகப் போகிறேன். முதலில் 12 கேஜ் ஷாட்கன்னில் ஈயத் தோட்டா. (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது.) இப்போது சில சீசன்களாக 20 கேஜில் டங்ஸ்டன். கடையில் டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலை கட்டுப்படியானால் டங்ஸ்டன்தான் என் தேர்வு. ஆனால் பெட்டி மேல் போட்டிருக்கும் தூரத்தை நம்பி வாங்காதீர்கள்.

வான்கோழியின் உடம்பில் சுட்டால் இறகும் எலும்பும் ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளை) தாங்கிக்கொள்ளும், பறவை காயத்தோடு ஓடிவிடும். அதனால் குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். அந்தச் சின்ன இடத்தில் நிறைய ரவை விழ வேண்டும், விழுவது எலும்பையும் துளைக்க வேண்டும். ஈயத்தில் இது இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம். ரவையின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். 4ஆம் எண் நன்றாகத் துளைக்கும், எண்ணிக்கை குறைவு. 6ஆம் எண்ணில் எண்ணிக்கை உண்டு, தூரம் போகப் போக வலு இருக்காது. நான் 5இல் நின்றேன். (மிசௌரியில் 4ஐ விடப் பெரிய ரவைக்கு அனுமதியே இல்லை.) வின்செஸ்டரின் லாங் பியர்ட் எக்ஸ்ஆர் ஈயத் தோட்டாக்களில் எனக்குப் பிடித்தது. ரவைகளுக்கு நடுவே பிசின் ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். சுடும்போது அது நொறுங்கி ரவைகள் நசுங்காமல் காப்பதால், சிதறாமல் போகும்.

டங்ஸ்டன் கதை வேறு. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டிஎஸ்எஸ் சுமார் 18. எனவே பொடிப்பொடியான 9ஆம் எண் டங்ஸ்டன், 5ஆம் எண் ஈயம் அளவுக்குத் துளைக்கிறது. ஒரு அவுன்ஸுக்கு ஈயம் 5 என்றால் சுமார் 170 ரவை, டங்ஸ்டன் 9 என்றால் சுமார் 360. 12 கேஜின் மூன்றரை அங்குலத் தோட்டா தோளில் விடும் உதையை வாங்கியவர்களுக்கு, அதே வேலையை எடை குறைந்த 20 கேஜ் செய்வது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். மரத்தில் சாய்ந்து, துப்பாக்கியை முழங்காலில் வைத்து அசையாமல் காத்திருக்கும்போது அந்த எடைக் குறைவும் பெரிய விஷயம்.

விலைதான் வயிற்றெரிச்சல். ஒரு தோட்டாவே பத்து டாலருக்கு மேல். ஆனால் மிசௌரியில் வசந்த சீசனுக்கு இரண்டு பறவைதான் வரம்பு, காட்டில் செலவாகும் தோட்டா கொஞ்சம்தான். பெரும்பகுதி காகிதத்தில் சுட்டுப் பார்க்கவே போகும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான தோட்டாவில் பக்கத்திலிருந்து குறியைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் 40 கஜத்தில் டங்ஸ்டனைச் சுடுங்கள். 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழுந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு விதமாக விழும். சோக் (ரவை விரியும் அளவைக் கட்டுப்படுத்த, குழலின் முனையில் பொருத்தும் குறுகலான துண்டு) எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி சிதறும். டங்ஸ்டன் எஃகை விடக் கடினம் என்பதால், அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லும் சோக்கையே போடுங்கள்.

ஒரு குறையும் உண்டு. 15 கஜத்தில் ரவைகள் விரியாமல் கொத்தாகவே போவதால், பறவை தலையைச் சற்று ஆட்டினாலும் மொத்தமும் தவறிப்போகும். அதற்காகவே ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தினேன். 60 கஜத்தில் விழுத்தலாம் என்று பேசுபவர்கள் உண்டு. நான் 40ஐத் தாண்டிச் சுடுவதில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் வரவழைப்பதுதானே இந்த வேட்டையின் ருசி!

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டா தடை.

என் 12 கேஜ் இப்போது வாத்து வேட்டைக்கு மட்டும். வாத்துக்கு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் ஈயம் கூடாது, அந்த வேட்டையின்போது கையில் வைத்திருந்தாலே குற்றம். அதனால் வாத்துக்குக் கிளம்பும் முன் கோட்டுப் பையில் பழைய வான்கோழித் தோட்டா ஏதாவது கிடக்கிறதா என்று துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.