கானா கண்ணாடி மணி என்று ₹18,400-க்கு நாமம் போட்டார்கள்: நகை செய்பவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சிக் கண்ணாடி மணி, முழுக்க முழுக்கக் கைவேலை, கானாவிலிருந்து நேராக வருவது என்று சொல்லி ஒருவன் என்னிடம் ₹18,400 வாங்கிக்கொண்டு தொழிற்சாலை மணியைத் தலையில் கட்டிவிட்டான். கைவினைப் பொருட்களை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில் கடை போட்டிருப்பவன். கடையின் பெயரையும் சந்தையின் பெயரையும் இங்கே போடவில்லை. புகார் ஓடிக்கொண்டிருக்கிறது, பெயர் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்புவார்கள். மற்றபடி நடந்தது அத்தனையும் எழுதுகிறேன். அசல் மணியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விவரம் தெரியாமல் வாங்கியவள் இல்லை நான். மணி கோர்த்து விற்பதுதான் என் பிழைப்பு. ஒரு பள்ளியின் ஆசிரியைகள் ஆண்டு விழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி பச்சை மாலை போடப்போவதாகச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள். பளபளப்பு வேண்டாம், பழைய பாட்டிலின் பச்சையாக, கொஞ்சம் மங்கலாக, தொட்டால் லேசாகச் சொரசொரக்க வேண்டும் என்றார்கள். அப்படி ஒருவர் கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது க்ரோபோ மணிதான்.

கேள்விப்படாதவர்களுக்கு: கானாவின் கிழக்குப் பகுதியில் ஒடுமாசே க்ரோபோ என்ற ஊரும் அதன் சுற்று வட்டாரமும் கண்ணாடி மணிக்குப் பேர்போனவை. அங்கே க்ரோபோ மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். பெண் பிள்ளைகள் பெரியவர்கள் ஆவதைக் கொண்டாடும் அவர்களுடைய டிப்போ சடங்கில் கழுத்திலும் இடுப்பிலும் சரம் சரமாக இந்த மணிகளைத்தான் அணிவிப்பார்கள். மூலப்பொருள் காலி பாட்டில். பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று தூள் மணி: பாட்டிலைக் கழுவி, உரலில் போட்டு மாவாக இடித்துச் சலித்து, களிமண் அச்சின் குழிகளில் நிரப்புவார்கள். அச்சில் கண்ணாடி ஒட்டாமல் இருக்க வெள்ளைக் களிமண் பூசியிருப்பார்கள். துளைக்காக ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகுவார்கள். சூளையில் காம்பு எரிந்துபோக, அந்த இடம் துளையாக நிற்கும். இன்னொன்று துண்டு மணி, ஒளி ஊடுருவுவது. இதில் பாட்டிலை மாவாக்காமல் சிறு துண்டுகளாகவே குழியில் போடுவார்கள், காம்பு கிடையாது. கண்ணாடி இளகியதும் அச்சை வெளியே எடுத்து, சூடு தணியும் முன் கூர்மையான இரும்பால் துளையிட்டு, குழியிலேயே உருட்டி உருட்டி வடிவம் கொண்டுவருவார்கள். கடைசியில் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லில் தேய்ப்பார்கள். அந்த மங்கல் அப்படித்தான் வருகிறது. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது வகை.

இத்தனையும் எழுதக் காரணம் இருக்கிறது. கடைக்காரனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, இது தூள் மணியா, துண்டு மணியா?" பொதுவாக விற்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியாது. "ஹேண்ட்மேட் மேடம், பெஸ்ட் குவாலிட்டி" என்பார்கள், அவ்வளவுதான். இவன் குரல் பதிவு அனுப்பினான். "அக்கா, துண்டு மணிதான். தூள் மணிக்குத்தான் மரவள்ளிக் காம்பு வைப்பாங்க, இதுக்குச் சூட்டோட கையால குத்துவாங்க. அதனால துளை கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும், பரவாயில்லையா பாருங்கக்கா." கூடவே ஒரு வீடியோ. தணல் சிவக்கும் அச்சிலிருந்து ஒருவர் இரண்டு இரும்புக் குச்சிகளால் மணியைத் திருப்புகிறார். குறையைத் தானே முன்கூட்டிச் சொல்லும் ஒருவனை யார்தான் நம்பமாட்டார்கள்?

அதோடும் நிற்கவில்லை. முதலில் மாதிரிக்கு இரண்டு சரம் மட்டும் வாங்கினேன். வந்தது அசல். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள், ஒரு மணி பெரிசு ஒரு மணி சிறிசு, அச்சில் கிடந்த பக்கம் சற்றே தட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொன்றிலும் பச்சை ஒவ்வொரு ஆழத்தில் தெரிந்தது. துளைக்குள் வெள்ளைக் களிமண் அப்பிக்கொண்டு, ஊசியால் சுரண்டினால்தான் வந்தது. ஆசிரியைகளிடம் காட்டினேன், முன்பணம் கொடுத்துவிட்டார்கள். நானும் சந்தோஷத்தில் அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, படத்தோடு நாலு வரி பாராட்டி எழுதினேன். இந்தப் பாராட்டு பின்னால் என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

அப்புறம் 32 சரம் ஆர்டர் போட்டேன். சரம் ₹575. மொத்தம் ₹18,400. அதுவும் சந்தையின் வழியாகவே கட்டினேன், தனியாக அனுப்பவில்லை. "மொத்தமா வாங்குறீங்க, நல்லா பாத்து எடுத்துத் தரேன்க்கா" என்றான். நல்லாத்தான் எடுத்துத் தந்தான்.

பெட்டி வந்தது. மேலே ஒரு சரம் மாதிரியில் வந்ததைப் போலவே இருந்தது. அதை நகர்த்திவிட்டு அடுத்ததை எடுத்ததுமே கையில் வித்தியாசம் தெரிந்துவிட்டது. எல்லா மணியும் ஒரே அளவு. எல்லாத் துளையும் நேர்கோடு. ஊர்ச் சரம் என்று காட்ட ராஃபியா நாரிலேயே கோர்த்திருந்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பல்லில் தட்டினால் கண்ணாடிச் சத்தம்தான் கேட்கிறது, பிளாஸ்டிக் இல்லை. ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. இது கண்ணாடிதான், ஆனால் எந்திரத்தில் அழுத்தி எடுத்த மலிவுக் கண்ணாடி. ஒரு சரத்தின் முடிச்சை அறுத்து ஒரு மணியைத் தனியாக எடுத்து விளக்கடியில் உருட்டினேன். வயிற்றைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் கோடு அது. திறந்த குழியில் உருட்டிச் செய்த மணியில் அது வரவே வழியில்லை. துளையில் வெள்ளைப் பொடி இருந்தது, இருக்கிறதே என்று குழாயடியில் காட்டினேன். ஒரே அலசலில் போய்விட்டது. சாக்பீஸ் பொடியோ என்னவோ, வேண்டுமென்றே தடவியிருக்கிறார்கள்.

அடுத்து நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பச்சையாகிவிட்டது. மணி வெளுத்துப்போய் வெறும் வெள்ளைக் கண்ணாடியாக நின்றது. மாதிரிச் சரத்திலிருந்து ஒரு மணியை எடுத்து அதே மாதிரி துடைத்தேன், பஞ்சு அப்படியே இருந்தது. பாட்டிலின் பச்சை கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் பச்சை, அது எப்படிப் போகும்? இந்தப் பூச்சு மணியைக் கழுத்தில் போட்டு வியர்த்தால் யாருடைய வெள்ளை ஜாக்கெட் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். மேலே வைத்த ஒன்றைத் தவிர மற்ற 31 சரமும் இப்படித்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பஞ்சையும் எடுத்து அனுப்பினேன். அன்று முழுக்க பதில் இல்லை. மறுபடி எழுதியதும் வந்தது பாருங்கள் ஒரு பதில்: "மேடம், கையால் செய்யும் பொருள் என்பதால் நிறத்திலும் அளவிலும் சிறு வேறுபாடுகள் இருக்கும். அதுவே இதன் அழகு."

வேறுபாடே இல்லை என்றுதானே புகார் சொல்கிறேன்! ஒன்று போலவே எல்லாம் இருக்கிறது, அதனால் இது கைவேலை இல்லை என்று எழுதினால், கைவேலை என்பதால் ஒன்று போல இருக்காது என்று பதில். படித்துப் பார்த்துதான் அனுப்புகிறார்களா? அக்கா என்று கூப்பிட்டவன் பணம் கைக்குப் போனதும் மேடம் என்று ஆரம்பித்ததையும் கவனியுங்கள். அதற்கப்புறம் எழுதியதற்கு "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஒரு பதில். பிறகு அதுவும் நின்றுவிட்டது. கூப்பிட்டால் எடுப்பதில்லை.

சரி, சந்தை எதற்கு இருக்கிறது என்று அங்கே புகார் கொடுத்தேன். அவர்கள் கேட்ட படங்களையும் வீடியோவையும் அனுப்பினேன். முதல் பதில்: சரம் அறுக்கப்பட்டிருப்பதால் பொருள் பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும், திருப்பி எடுக்க இயலாது. அறுத்தது ஒரே ஒரு சரம். அறுக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு வேறொருவர் வந்து முதலிலிருந்து எல்லாப் படத்தையும் மறுபடி கேட்டார். அதையும் அனுப்பினேன். அடுத்து வந்ததுதான் உச்சம்: "இதே பொருளுக்கு நீங்களே ஐந்து நட்சத்திர மதிப்பீடு அளித்திருப்பதைக் காண்கிறோம்." மாதிரிக்கு எழுதிய பாராட்டை எடுத்து என் முகத்திலேயே வீசுகிறார்கள். சரி, அதையாவது மாற்றி எழுதுகிறேன் என்று போனால், மாற்றும் காலம் முடிந்துவிட்டதாம். பாராட்டு படத்தோடு இன்னமும் அங்கே நிற்கிறது. அதைப் பார்த்து இன்னும் யார் யார் வாங்குகிறார்களோ, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் பெயரில் அவனுக்கு விளம்பரம் ஓடுகிறது.

இப்போது யோசித்தால் எனக்குக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. இரண்டு சரம் அசல் அனுப்பினால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதை வைத்துப் பெரிய ஆர்டரும் கிடைக்கிறது, நல்ல பெயரும் கிடைக்கிறது, பிற்பாடு சண்டை வந்தால் காட்ட ஆதாரமும் கிடைக்கிறது. மரவள்ளிக் காம்பு பற்றிப் பேசத் தெரிவதற்கும் மணி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வீடியோகூட அவன் எடுத்ததுதானா என்பது எனக்குத் தெரியாது, பெரும்பாலும் இருக்காது. க்ரோபோவில் சூளையடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகத் திருப்பும் அந்த மனிதருக்கு இதில் ஒரு பைசா போயிருக்காது. அவருடைய கையைக் காட்டித்தான் என்னிடம் ₹18,400 வாங்கியிருக்கிறார்கள்.

பள்ளி ஆர்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்லவர்கள், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விழாவுக்கு வேறு எங்கோ வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே பேசியவரை நன்றியோடு சொல்ல வேண்டும், பொறுமையாகக் கேட்டார். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. இணையச் சந்தைக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இந்தச் சந்தையில் அப்படி ஒருவரின் மின்னஞ்சல் முகவரி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், விதிமுறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. தேடிப் பிடித்து எழுதினேன். தானாக வரும் ரசீது ஒன்று வந்தது, அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். இதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, அதனால் விடுவதாக இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் இதற்கு மேல் எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

மாதிரி நன்றாக இருந்ததை வைத்துப் பெரிய ஆர்டர் போடாதீர்கள். மொத்தமாக வரும் பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். அடியில் இருக்கும் சரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். மாதிரிச் சரத்தில் ஒன்றிரண்டு மணியைக் கோர்க்காமல் தனியே வைத்திருங்கள், ஒப்பிட்டுக் காட்ட அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

பல்லில் தட்டுவது, குளிர்ச்சி பார்ப்பது எல்லாம் பிளாஸ்டிக்கைத்தான் காட்டிக்கொடுக்கும். பூச்சுக் கண்ணாடியைக் கண்டுபிடிக்க ரிமூவரும் பஞ்சும் வேண்டும். ஆனால் ஒன்று: அசல் மணியிலும் மேலே வண்ணம் தீட்டிச் சுட்ட வகை உண்டு. சுட்ட வண்ணம் பஞ்சில் வராது, குழப்பிக்கொள்ளாதீர்கள். துண்டு மணி என்று சொல்லி விற்பதில் வயிற்றுக் கோடு இருந்தால் அடுத்த பேச்சே வேண்டாம்.

நாரை அறுக்காதீர்கள். துளையையும் கோட்டையும் சரத்தோடு வைத்தே படம் எடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் அறுக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தால் மட்டும் அறுங்கள். மொத்தச் சரக்கு கைக்கு வரும்வரை நட்சத்திரமும் போடாதீர்கள்.

யாராவது இதே போல ஐந்து நட்சத்திரமும் படமும் பார்த்துப் பச்சைத் துண்டு மணி 30, 40 சரம் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தால், இன்னும் அனுப்பவில்லை என்றால், இப்போதே ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கீழே எழுதுங்கள், ஆணையத்துக்குப் போகும்போது சேர்ந்து போகலாம். ₹18,400 இன்று காலைவரை வரவில்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன்.