ஜிப்சம் போர்டு மேல் வால்பேப்பர்: ராயபுரத்துச் சுவர் ஓதத்தில் எது தாங்கும், எது தாங்காது

சென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில், உதிரும் பூச்சை மறைக்க ஜிப்சம் போர்டு (இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை) அடித்து, மேலே வினைல் (பிளாஸ்டிக் மேலுறை) வால்பேப்பர் ஒட்டியிருப்பார்கள். முதல் வருடம் ஒரு குறையும் தெரியாது. சில மழைக்காலம் போனபின் அடிப்பக்கம் உப்பி, மூலையில் கறுப்பு தட்டும்.

பேப்பரில் கை வைக்குமுன் போர்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம் வரை கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் அமுங்கினால் அந்தப் பகுதி போயிற்று. காயவைத்தாலும் பழைய பலம் வராது. ஈரக்கறை முடியும் கோட்டுக்கு மேல் இன்னும் 30 செ.மீ. விட்டு அறுத்தெடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளில் புகுந்த எண்ணெய் கலந்த வெள்ளம் பட்ட போர்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஏ.சி.தான். வருடத்தில் பல மாதம் நம்மூர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 24, 25 டிகிரி. அறையை 20-இல் குளிரவைத்தால் வெளிச்சுவர் வழியாக வரும் ஈரம், காற்றுப் புகாத வினைலின் முதுகில் நீராகப் படியும். பசையும் காகிதமும் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஆகவே ஏ.சி. அறையின் வெளிச்சுவரில் மறுபடி வினைல் ஒட்டுவது வீண்செலவு.

உரிக்கும்போது போர்டின் மேல்தாளைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். போர்டின் பலத்தில் பெரும்பங்கு அந்தத் தாளில்தான் இருக்கிறது. மெயினை அணைத்து, சுவிட்ச் தகடுகளைக் கழற்றுங்கள். வினைல் மேலுறையைத் தண்ணீர் தொடாமல், கீழ் மூலையிலிருந்து சுவரை ஒட்டியே மேல்நோக்கி இழுங்கள். நேராக உங்கள் பக்கம் இழுத்தால் போர்டுத் தாளும் சேர்ந்து வரும். மிஞ்சும் அடிக்காகிதத்தில், 3 அடிக்கு 3 அடியாக, வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பாஞ்சில் ஒற்றி 10 நிமிடம் ஊறவிட்டு, 4 அங்குல பட்டித் தகட்டைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். துளைபோடும் உருளையும் நீராவி மெஷினும் சிமென்ட் சுவருக்குச் சரி, இங்கே ஆகாது. பசை மிச்சமா என்று சந்தேகமிருந்தால் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மாவுப் பசை கருநீலமாகும்.

பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் பேப்பர் ஒட்டியிருந்தால் எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் சில இடம் கிழிந்து பழுப்புத் தாள் தெரியும். அதன்மேல் நேராகப் பட்டி பார்த்தால், பட்டியின் தண்ணீரைத் தாள் குடித்துக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பெயிண்டர்கள் பலர் தவறவிடுவது இங்கேதான். தொங்கும் பிசிறைக் கத்தியால் வெட்டி, 120 நம்பர் உப்புத்தாள் லேசாகத் தேய்த்து, டர்பென்டைன் கலக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன்பிறகு ஜிப்சம் ஜாயின்ட் காம்பவுண்ட் (போர்டுக்கான பட்டி), 1 மி.மீ.க்கு மிகாமல் இரண்டு கோட். மலிவென்று வெள்ளை சிமென்ட் பட்டி வாங்காதீர்கள். அது சிமென்ட் பூச்சுக்கானது, போர்டுத் தாளில் பிடிக்காமல் ஏடாக உரியும்.

வெளியே துருத்தும் ஸ்குருவைத் திரும்ப முடுக்குவது நிற்காது. 5 செ.மீ. தள்ளிப் புதிதாக ஒன்று இறக்கியபின் பழையதை எடுங்கள். தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமுங்கினால் போதும்.

புதுத்துண்டு வைக்கும்போது 12.5 மி.மீ. ஈரம் தாங்கும் பச்சை போர்டு வாங்கி, தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கி அடியுங்கள்; இடைவெளியை ஸ்கர்டிங் (சுவரடிப் பட்டை) மறைக்கும். தினமும் துடைக்கும் தண்ணீரும் கடல் உப்பும் சேர்ந்து போர்டைத் தாங்கும் அடி இரும்புச் சேனலைத் துருவேற்றும், அதையும் பார்த்து மாற்றுங்கள். கரையானுக்கும் இந்தத் தாள் பிடிக்கும், மருந்தடிக்காமல் மூடாதீர்கள். தரைத்தளத்தில் ஓதம் (தரை ஈரம்) ஏறும் செங்கல் சுவர்மேல் போர்டே வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சே மேல். மாடியில் உள்தடுப்புக்கு மட்டும் போர்டு அடித்து, சாதாரண எமல்ஷன் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம், காம்பவுண்ட் காயாது.