மரப்படகா, பைபர் படகா: தீவுப் போக்குவரத்தில் எது நீடித்து உழைக்கும்?

இலங்கையின் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடிய குமுதினி ஒரு மரப்படகு. 1985 மே 15 அன்று அதில் பயணிகள் படுகொலை செய்யப்பட்ட பின்னரும் அது சேவைக்குத் திரும்பியது. மரத்தின் பலமே பழுதுபார்க்கும் வசதிதான்: உக்கிய பலகையை மட்டும் கழற்றிப் புதிது பொருத்தி, இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்தால், உடல் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் கடற்புழு துளைப்பதால் அடிக்கடி கரையேற்ற வேண்டும். அந்த நாட்களில் தீவார் மாற்றுப்படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கண்ணாடி இழை அடுக்குகளைப் பிசினால் இறுக்கிச் செய்யும் பைபரைப் புழு அரிக்காது. எடை குறைவதால் எரிபொருளும் மிஞ்சும். எனினும் இறங்குதுறையில் மோதி மேற்பூச்சு வெடித்தால், நீர் உட்புகுந்து அடுக்குகள் பிரியத் தொடங்கும். வெளியே தெரிவதோ ஒரு மயிரிழைக் கீறல் மட்டுமே. அடிதட்டும் ஆழமற்ற இக்கடலில், தேர்ந்த தச்சர் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை, நான் மரத்தையே தெரிவுசெய்வேன்.