தேய்ந்த ஷவர் கைப்பிடி: கைப்பிடியா, ஸ்பிண்டிலா, முழு மிக்ஸரா?

ஷவர் கைப்பிடியைத் திருப்பும்போது அது மட்டும் வெறுமனே சுழன்று, தண்ணீர் திறக்காமலோ நிற்காமலோ இருந்தால், பெரும்பாலும் கைப்பிடியின் உட்புறப் பற்கள் தேய்ந்திருக்கும். பிளாஸ்டிக்கிலோ துத்தநாகக் கலவையிலோ வார்க்கப்பட்ட அப்பற்கள், வால்வைத் திறந்து மூடும் தண்டான பித்தளை ஸ்பிண்டிலின் பற்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதலில் மழுங்குகின்றன.

கைப்பிடியை மட்டும் மாற்றுவதே மலிவான வழி. மூடியை நெம்பித் திருகைக் கழற்றினால் போதும், தண்ணீரை நிறுத்தவும் தேவையில்லை. ஸ்பிண்டிலின் பற்கள் 20, 24 என வேறுபடுவதால், பழைய கைப்பிடியைக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. ஆனால் வாங்கும் முன், வெளியே தெரியும் ஸ்பிண்டிலை இடுக்கியால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது எளிதாகச் சுழன்றால் புதிய கைப்பிடி போதும். போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளிலோ, உப்பு படிந்து ஸ்பிண்டில் இறுகிப்போக, வீட்டிலுள்ளவர்கள் பலங்கொண்டு திருகித் திருகியே பற்கள் மழுங்கியிருக்கும். அங்கே புதிய கைப்பிடிக்கும் அதே கதிதான்.

ஆகவே, இறுகிய ஸ்பிண்டிலையும் சேர்த்து மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். மேல்தொட்டி வால்வை மூடிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. உள்ளே இருப்பது ரப்பர் வாஷர் வகையா, கால் சுற்றில் திறக்கும் பீங்கான் வட்டு வகையா என்று பார்த்து, அதே அளவில் வாங்க வேண்டும். ஒற்றை நெம்புகோல் மாடல்களில் ஸ்பிண்டிலுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் விட்டம் பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீட்டர். எம்-சீல் வைத்துக் கைப்பிடியை ஒட்டிவிடும் வழக்கமும் உண்டு. சில காலம் தாங்கும்தான். பிறகு ஸ்பிண்டிலைக் கழற்ற, கைப்பிடியை உடைப்பதைத் தவிர வழியிருக்காது.

பித்தளை உடல் அரித்துப்போயிருந்தாலோ, அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காவிட்டாலோ மட்டுமே முழு மிக்ஸரை, அதாவது வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாயமைப்பையே, மாற்றுவது நியாயம். சுவருக்கு வெளியே தெரியும் வால் மிக்ஸர் என்றால் இது பெரிய வேலையன்று. சுவர்க் குழாய்களில் இணையும் அதன் கால்களைச் சற்றுத் திருப்பி, குழாய்களின் இடைவெளிக்குப் பொருத்திக்கொள்ளலாம். தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதைத்த டைவர்ட்டர் என்றால் டைலை உடைக்க வேண்டியிருக்கும். அங்கே ஸ்பிண்டிலின் விலை சற்று அதிகமாகத் தெரிந்தாலும் பழுதுபார்ப்பதே லாபம். உடைத்தே ஆக வேண்டுமென்றால், அதே நிறத்தில் டைல் மீதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளம்பரை அழைக்க வேண்டும்.