ஐலெட் டேப்பும் பிளாஸ்டிக் வளையமும்: மலையகத்துக்குப் பொருந்துமா?

புதுவீட்டுக்குக் கர்ட்டனை வீட்டிலேயே தைப்பவர்களுக்கு, கடைகளில் யார் (36 அங்குலம்) கணக்கில் கிடைக்கும் 4 அங்குல ஐலெட் டேப்பும் (கர்ட்டனின் மேல்விளிம்பில் தைத்து, வளையத்துக்குத் துளை வெட்டும் விறைப்பான பட்டி) அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் வளையமும் நல்ல தெரிவு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் மலிவான இரும்பு வளையம் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை.

4 அடி அகல ஜன்னலுக்கு 54 அங்குலத் துணியில் இரண்டு பாகம் வேண்டும். தைத்து முடித்த உயரம் 72 அங்குலம் என்றால், 5 அங்குல மேல்மடிப்பும், 3 அங்குலமாக இருமுறை மடிக்கும் கீழ்மடிப்புக்கு 6 அங்குலமும் சேர்த்து ஒவ்வொரு பாகத்தையும் 83 அங்குலமாக வெட்டுங்கள். மொத்தம் 4¾ யார். பருத்தி சுருங்கும், நனைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணிய பிறகே கத்தரி வையுங்கள்.

ஒரு பாகத்துக்கு 8 வளையம். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும். ஓரத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி முதல் துளையின் நடுவைக் குறித்து, மிச்சத்தைச் சமமாகப் பிரியுங்கள். துளையை வளையத்தின் வெளிவிளிம்பு அளவுக்கு வெட்டினால் பிடிப்பே இருக்காது, முதல் துவைப்பிலேயே கழன்றுவிடும். உள்வட்டத்தை விட மயிரிழை பெரிதாக வெட்டினால் போதும்.

குறை ஒன்று உண்டு: தடித்த துணியோடு லைனிங்கும் சேர்ந்தால் பூட்டு சரியாக விழாது. அதற்குக் கொக்கி மாட்டித் தொங்கவிடும் கொக்கி டேப்தான் சரி. எதுவானாலும் துணி கண்ணாடியில் படாமல் கம்பியை 3 அங்குலம் வெளியே தள்ளிப் பூட்டுங்கள். பனிக்காலையில் கண்ணாடியில் வேர்க்கும் நீர் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.